பொம்மைக்கு இலை போட்டாச்சா?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதி தெரிந்த விஷயத்தை முழுசாகத் தெரிந்த மாதிரி பேசுவேன். பேசிப் பேசி, கடைசியில் நானே அதை நம்பிவிடுவேன். இதனால் பெரும்பாலும் யாருக்கும் சேதாரம் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் இருபத்து மூன்று குழந்தைகள் சாப்பாட்டுப் பந்தியின் மேல் போய் விழுந்தார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் கோழிக்குஞ்சு கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். (சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.) அது ஒரு பழைய சினிமா கம்பெனி. நிஜப் பெயர் வேறு. படம் ஆரம்பிக்கும்போது ஒரு தாய்க்கோழி குஞ்சுகளோடு திரையைக் கடந்து போகும், அதனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். கோழி வந்துவிட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று அர்த்தம். அண்ணன் தங்கை பாசம், புத்தி சொல்லும் பசுமாடு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து நின்று சிரிக்கும் குரூப் போட்டோ.

ஆனால் என் அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்தில், நடுவில் கொஞ்ச வருஷம் அந்தக் கம்பெனிக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, குழந்தைகளைக் குலைநடுங்க வைப்பதற்கென்றே மூன்று படங்கள் எடுத்தார்கள். கோழி அதே கோழிதான். கோழி போன பிறகு வருவதுதான் வேறு. ஒரு படத்தில் பாழும் கிணற்றுக்குள்ளிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும். இன்னொன்றில் ஒரு பையன் கண்ணாடி பார்த்துச் சிரிப்பான், கண்ணாடிக்குள் இருப்பவன் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பான். எழுதும்போதே கை மயிர் நட்டுக்கொள்கிறது! கம்ப்யூட்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு நூல், ஒரு விளக்கு, ஒரு வெள்ளைத் துணி. இதை வைத்துக்கொண்டு அந்த மனுஷர்கள் செய்திருக்கும் வேலையை இன்றைக்கும் தேடித் தேடித் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

மூன்றாவது படம், திருஷ்டி பொம்மை படம். ஒரு ஏழைக் குடும்பம் வீடு கட்டும். கண் படாமல் இருக்க வாசலில் ஒரு வைக்கோல் பொம்மையைக் கட்டித் தொங்கவிடும். இந்தப் படத்தின் சிடி எங்கள் வீட்டில் இருந்தது. படம் இரண்டு சிடி. முதல் சிடியை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். இரண்டாவது சிடியை என் அண்ணன் சைக்கிளின் பின்னால் ரிப்ளெக்டராகக் கட்டிவிட்டான். படத்தின் கிளைமாக்ஸ் தினமும் கும்மிடிப்பூண்டி பஜாரில் பளபளவென்று போய் வந்துகொண்டிருந்தது.

முதல் சிடி முடியும்போது வீடு கட்டி முடிந்துவிடும், பொம்மை காற்றில் ஆடும், ஒரு நல்ல பாட்டு வரும், 'இடைவேளை' என்று விழும். அதற்குப் பிறகு நடப்பதை நானே கற்பனை செய்துகொண்டேன். பொம்மைக்கும் பக்கத்து வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்கும் கல்யாணம். இதை ஸ்கூலில், பிறகு வேலைக்குப் போன தொழிற்சாலை பஸ்ஸில், கேன்டீனில் என்று பல வருஷம் எல்லோருக்கும் சொன்னேன். கல்யாணச் சாப்பாட்டில் என்னென்ன பரிமாறினார்கள் என்பதுவரை சொன்னேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி ஆரம்பாக்கம் போனேன். என் மாமனாரை வீட்டில் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் இரும்பு ஆலையில் உலைப் பக்கம் நின்று சம்பாதித்தவர், அந்தக் காசில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாமியார் நல்லவர்தான். ஆனால் என்னிடம் எந்த வேலையையும் தரமாட்டார். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன், அதனால் என்னைக் 'கம்பெனிப் பொண்ணு' என்பார். அதற்கு, வீட்டு வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று பொருள். (ஒரே ஒரு முறை ரசத்துக்குப் புளி போட மறந்தேன். அதற்கு நான்கு மாதத் தண்டனை.) எப்படியாவது அவரிடம் ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

புது வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. விடியற்காலையில் ஹோமம் முடிந்து பாலும் காய்ச்சியாகிவிட்டது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பதினோரு மணிக்கு மேல் வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்று சேர்ந்தார்கள். புதுப் பெயின்ட் சுவரில் சந்தனக் கை அச்சு விழுந்தது. ஒருவன் ஜன்னல் கிரில்லில் தலையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் நின்றான். மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இந்தப் பசங்களை ரெண்டு மணி நேரம் யாராவது பிடித்து வைத்தால் கோயில் கட்டிக் கும்பிடுவேன் என்றார்.

"நான் பாத்துக்கறேன் அத்தை" என்றேன். கல்யாண போட்டோக்களைப் பெரிசாகக் காட்டுவதற்காக எங்கள் டிரெயினிங் ரூம் புரொஜக்டரைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அந்த வாரம்தான் திருஷ்டி பொம்மை படத்தை யாரோ முழுசாக இணையத்தில் போட்டிருந்தார்கள். கண்டுபிடித்த அன்று ஆபீசிலேயே குதித்தேன். கிணற்றுப் படத்தையும் கண்ணாடிப் படத்தையும் போடக்கூடாது, பிள்ளைகள் பயப்படும் என்று ஒதுக்கி வைத்தேன். (என் பொறுப்புணர்ச்சியைக் கவனிக்க வேண்டும்.)

என் கணவர் சுரேஷ் மட்டும், ஒரு தடவை நீ முழுசா பார்த்துவிட்டுப் போடேன் என்றார். எனக்கா, நூறு தடவை பார்த்தவளுக்கா? அவரை முறைத்துவிட்டு, ஹால் ஜன்னல்களில் நீலத் தார்ப்பாயை அடித்து, கதவிலும் ஒன்றைத் தொங்கவிட்டேன். பட்டப்பகலில் ஹால் கும்மிருட்டானது. கோழி திரையைக் கடந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமியார் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. என்னைப் பார்த்து, முதல் முறையாக, தலையை ஆட்டினார். அந்த நிமிஷம் நான் தரையில் இல்லை.

இடைவேளை வந்தது, போனது. இருட்டில் நானும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன், சோளக்கொல்லைப் பொம்மை எப்போது வரும் என்று.

வரவில்லை. படத்திலும் கிரகப்பிரவேசம் நடந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. வாசலில் தொங்கிய பொம்மை தலையைத் திருப்பி அதைப் பார்த்தது. மறுநாள் பார்த்தால் பொம்மை கயிற்றில் இல்லை. கதவு மூன்று தடவை தட்டப்பட்டது. வைக்கோல் உரசுகிற மாதிரி ஒரு குரல்: "வெயில்ல மழையில காவல் காத்தேனே, எனக்கு இலை போட்டீங்களா?"

தலையணை இல்லாததால் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். அதே சமயம், நிஜத்தைச் சொல்கிறேன், என்ன அருமையான காட்சி என்று மெய்மறந்தும் போனேன்! நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் நாத்தனார் மகள் யாழினி, ஐந்து வயது, என் புடவைத் தலைப்பை இழுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

எங்கள் புது வீட்டு முகப்பிலும் ஒரு திருஷ்டி பொம்மை இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல நைனா தன் பழைய கம்பெனி யூனிபார்மை அதற்குப் போட்டு, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் வைத்திருந்தார். பால் காய்ச்சியாகிவிட்டதே என்று சரியாக அந்த நேரம் பார்த்து அதைக் கழற்றியிருக்கிறார். பின்பக்கம் வைக்கலாம் என்று குழந்தையைத் தூக்குவதுபோல் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தவர், போகிற வழியில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார். திரையில் கதவு மறுபடியும் தட்டப்பட்டபோது எங்கள் கதவுத் தார்ப்பாய் விலகியது. வெளிச்சத்தில் ஹெல்மெட் தெரிந்தது, பொம்மை முகத்தில் வரைந்திருந்த கோரைப்பல் தெரிந்தது. பின்னால் நைனாவின் தலை தெரியவே இல்லை.

"இலை போட்டாச்சு, வாங்க" என்றது பொம்மை.

அப்புறம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. இருபத்து மூன்று பேரும் பின்பக்கக் கதவு வழியாக ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். அங்கே ஷாமியானாவில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. ரசப் பக்கெட் சாய்ந்தது. ஐயரின் மடியில் பாயசம். ஒரு மேசை அப்படியே மடிந்து விழுந்து, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கையில் வடையோடு அதற்கடியில் போனார். (வடையை விடவில்லை.) இருபத்து மூன்று பேருக்கும் முன்னால் ஓடியது நான்தான் என்று சுரேஷ் இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுக்கிறேன். இரண்டாவதாகத்தான் ஓடினேன்.

சிரிப்பெல்லாம் இப்போது. அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. யாழினி தெருவில் போய் நின்றுகொண்டு, "அந்த ஊட்டுக்கு நா வரமாட்டேன்" என்று அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தெருவிலேயே நின்றார்கள். பால் காய்ச்சிய அன்று குடும்பம் மொத்தமும் புது வீட்டில்தான் படுக்க வேண்டும். பெண் குழந்தை வாசலில் நின்று அழுதுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல நாள் அதுவுமா இது ஆகாது என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நைனா பொம்மையோடு அப்படியே நின்றார். முப்பது வருஷம் அனலில் நின்று கட்டிய வீடு. மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாழினி முன்னால் உட்கார்ந்து, எதற்குப் பயம் என்று கேட்டேன்.

"அதுக்கு யாருமே சோறு போடல. அதான் கோவமா கீது" என்றாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நைனாவிடமிருந்து பொம்மையை வாங்கிப் பந்தியின் முதல் நாற்காலியில் உட்கார வைத்தேன். இலை போட்டேன். தண்ணீர் தெளித்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சோறு வைத்தேன். படித்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண் வைக்கோலுக்குப் பரிமாறுகிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் மாமியார். கையில் வடைத் தட்டு.

"இன்னாமா, சட்ட போட்டுக்கினு வந்து குந்திக்கினு கீறாரு, வெறும் சோத்த வெச்சிகினு நிக்கற. வடை வெக்க வாணாம்?" என்று சொல்லி, இரண்டு வடை வைத்தார்.

நைனா பக்கத்து இலையில் உட்கார்ந்து, "நம்ம கம்பெனி ஆளுதான், பயப்படாதீங்கடா" என்றார். யாழினி மெதுவாக வந்தாள். பொம்மைக்கு ஒரு அப்பளம் வைத்தாள். கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்தாள். பிறகு நைனா மடியில் ஏறி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அன்று இரவு வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் எல்லோரும் அங்கேதான் படுத்தார்கள்.

மறுநாளிலிருந்து அது வீட்டுப் பேச்சானது. சாப்பிட உட்காரும்போது யாராவது ஒருவர், பொம்மைக்கு இலை போட்டாச்சா என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பொம்மைக்கு ஒரு இலை போட்டார்கள். அடுத்து பக்கத்துத் தெருவில். மாமியார் இப்போது என்னைத்தான் கூப்பிட்டு முதல் இலையைப் போடச் சொல்கிறார். எனக்குக் கிடைத்த ஒரே குடும்பப் பொறுப்பு அது.

படத்தின் மீதியை ஒரு வாரம் கழித்துப் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தேன். இலை போட்டதும் பொம்மை திருப்தியாகச் சாப்பிடுகிறது. ஏப்பம் விடுகிறது. அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது மெதுவாக நிமிர்ந்து, "பாய் போட்டீங்களா?" என்று கேட்கிறது. போனைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எப்பேர்ப்பட்ட கம்பெனி! இதை மாமியாரிடம் நான் சொல்லவில்லை. யாழினியிடம் மட்டும் அவள் வளர்ந்த பிறகு காட்டினேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மூன்று படமும் மனப்பாடம், இரண்டு சிடியும் சேர்த்து.

போன மாதம் செவ்வாப்பேட்டையில் ஒரு கிரகப்பிரவேசம். எங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத வீடு. பந்தியின் முதல் நாற்காலியில் ஹெல்மெட் போட்ட பொம்மை, முன்னால் இலை, இலையில் இரண்டு வடை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவள் போல, இது என்ன வழக்கம் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது? இது காலங்காலமா செய்றது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். யாழினி மூடவில்லை. எழுந்து நின்று, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"பாய் போட்டீங்களா ஆன்ட்டி?"

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, பாயை எங்கே வைத்தோம் என்று கேட்டபடி உள்ளே ஓடினார்.