அப்பாவுக்குக் கிடைத்த பதினான்கு நாள்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நான், அம்மா, கசியும் குழாய் மூவரும் நலம். நீங்களும் அத்தையும் நலமென்றே நம்புகிறேன். இல்லையென்றால் எழுதவும், முறைப்படி வருத்தப்படுகிறேன்.

நிற்க. வேண்டாம், உட்காருங்கள், செய்தி அப்படி. நம் குடும்ப வரலாற்றில் முதல்முறையாக ஒரு மனிதருக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்திருக்கிறது. அந்த மனிதர் உங்கள் அத்தான். வாங்கிக் கொடுத்த மாவீரன் உங்கள் மருமகன்.

பள்ளிக்கூடத்தில் ஏதோ சான்றிதழ் கேட்டார்களென்று அலமாரியைக் குடைந்தேனா, அப்பாவின் வேலைக் கடிதம் அகப்பட்டது. ஒன்பது வருஷமாக மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை. அதில் போட்டிருக்கிறது மாமா: வருஷத்துக்குப் பதினான்கு நாள் சம்பளத்தோடு லீவு, பொது விடுமுறையில் வேலை பார்த்தால் பதிலுக்கு இன்னொரு நாள், எடுக்காவிட்டால் வருஷக் கடைசியில் காலாவதி, பால் பாக்கெட் மாதிரி. நம்ம ஆள் ஒரு நாள்கூட எடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது, அதனால் அதன் துணி துவைக்கும் இடத்துக்கும் கிடையாது, அதனால் அப்பாவுக்கும் கிடையாது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட ஷிப்ட் முடிந்துதானே வந்தார்? வந்தவர் அம்மா முகத்தைப் பார்க்குமுன் படுக்கை விரிப்பைத் தடவி, "இது நான் தேய்ச்சது" என்றார். அம்மா சிரிக்கப்போய்த் தையல் வலித்து அழுதாள்.

கடிதத்தைக் காட்டினேன். "கேளுங்கப்பா, உங்க உரிமை."

"கேட்டா?"

"குடுப்பாங்க."

"குடுத்துட்டு, இவன் இல்லாமலே மெஷின் ஓடுதேன்னு பார்த்துட்டா? பக்கத்து மெஷின்காரர் பொண்ணு கல்யாணத்துக்கு லீவு போட்டாரு. திரும்பி வந்தா அவர் இடத்துல வேற ஆளு. போடா, போய்ப் படி."

படித்தேன், விண்ணப்பப் படிவத்தை. கடிதத்தோடேயே பின் குத்தியிருந்தது. பதினான்கு நாள் என்று நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் "களைப்பு" என்று எழுதினேன். அப்பாவின் கையெழுத்து எனக்குக் கைவந்த கலை. மதிப்பெண் அட்டையில் ஆறு வருஷ அனுபவம். வாரா வாரம் அவர் மேற்பார்வையாளரிடம் கொடுக்கும் வேலைநேரச் சீட்டுக் கவருக்குள் இதையும் செருகிவிட்டேன். மனிதர் தன் லீவு விண்ணப்பத்தைத் தானே சுமந்துபோய்த் தானே கொடுத்தார்!

கொடுத்ததும் கிடைத்தது. இன்றைக்கு நாலாம் நாள். உங்கள் அத்தான் மர நிழலில் காற்று வாங்கியபடி ராஜா மாதிரி ஓய்வெடுக்கிறார்.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு ஒரு கிள்ளு. பாராட்டுகளைத் தனித்தனியாகவும் மொத்தமாகவும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
உரிமை மீட்ட மருமகன்

பின்குறிப்பு: மாமா, மர நிழல் உண்மை. ஆனால் அது பஸ் நிலையத்து மரம். அப்பா தினமும் ஆறு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போவதாகக் கிளம்பி, அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். சட்டை முதுகில் கம்பெனி பேர் இருக்கிறதல்லவா, அது தெரியாமல் சுவரோடு ஒட்டி. நான் வகுப்பைக் கட் அடித்துத் திரிந்தபோது பார்த்தேன். கடை போனில் குரலை மாற்றி மேற்பார்வையாளரைக் கேட்டேன். "அவர் லீவுல இருக்கார். திங்கட்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேனே" என்றார். வரவேண்டாம் என்று மட்டும்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், லீவு என்ற வார்த்தையே இல்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பயந்தது வந்துவிட்டதென்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். அம்மாவிடமும் சொல்லவில்லை. நேற்று ஒவ்வொரு கடையாக ஏறி வேலை கேட்டார்.

அடிக்குப் பயமில்லை. மூன்று நாளாகப் பக்கத்தில் போய் உட்காரத்தான் பார்க்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரைக்கும்தான் போகிறேன். அதற்கு மேல் கால் வரவில்லை. நீங்கள் உடனே கிளம்பி வாங்க மாமா.