பேரூராட்சி திருப்பித் தந்த வேட்டி

9.2.1998

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஆவுடைநாயகம் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் ராஜராஜேஸ்வரியும் என் மகள், தங்கள் மருமகள் பிருந்தாவும் சௌக்கியம். என் வேட்டியும் சௌக்கியம். அது சௌக்கியமாக இருப்பதைப் பற்றித்தான் இக்கடிதம்.

தாங்கள் பேசி வைத்தபடி, தூத்துக்குடியில் தங்கள் அடுத்த தெரு குமரகுருபரன் வீட்டார் வரும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் நான்கு இடம் தட்டிப்போனது தாங்கள் அறிந்ததே. ஆகவே பொங்கல் கழிந்ததும் முன்னெச்சரிக்கையாக ஜோசியரைப் பார்த்தேன். "சனி உம்ம மேல உக்காந்துகிட்டு மக கல்யாணத்த மறிக்கான் வே. சனிக்கெழம உடுத்த வேட்டியோட ஆத்துல முங்கி, வேட்டிய அங்கனயே விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாரும்" என்றார். அப்படியே தாமிரபரணியில் முங்கி, விட்டுவிட்டு, வேறு வேட்டி உடுத்திக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்குக்கூடத் திரும்பாமல் வந்தேன். மூன்றாம் நாள் வாசலில் பேரூராட்சித் துப்புரவுப் பணியாளர் சுடலையாண்டி நிற்கிறார், கையில் என் வேட்டி, துவைத்து மடித்து. "அண்ணாச்சி, சலவைக்குறி ஒங்களுது. ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்.

செயல் அலுவலர் ஜெபகனி அம்மாளிடம் போய்க் கேட்டேன். புதிதாக வந்தவர். படித்துறைகளுக்குக் கீழே வலை கட்டி, ஆற்றில் விடும் துணிகளை எடுத்து, குறி உள்ளதை உடையவரிடமே ஒப்படைக்கிறார்களாம். இனி விடக்கூடாது என்று கூடவே ஒரு நோட்டீசும் உண்டு. "ஆத்துல விட்டா போயிருமா ஐயா, கீழ குளிக்கவன் காலத்தான சுத்தும்" என்றார். "அதுக்குத்தானம்மா விடுதோம்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். யோசித்தால், அந்தத் தண்ணீரைத்தான் தூத்துக்குடியில் தாங்கள் குடிக்கிறீர்கள்; அதைத் தனியாக மன்னிக்கவும். "அப்ப என் தோஷம்?" என்று கேட்டேன். "தோஷத்துக்கு எங்கள்ட்ட விதி இல்லை. வேட்டிக்குத்தான் இருக்கு" என்றார்.

ஜோசியரோ, விட்டது வீடு தேடி வந்தால் என்ன செய்வது என்று தன் ஏட்டில் இல்லை, இன்னொரு தரம் விட்டுப் பாரும் என்கிறார். குறியைக் கத்தரித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வேறு படித்துறையில் விட்டேன். ரெண்டு வாரம் ஒரு சத்தமும் இல்ல. நல்லாத் தூங்கினேன் அத்தான். நேத்து இவ ரேஷன் கடையிலேருந்து அரிசியோட வாரா, கையில புதுத் துணிப்பை. பிளாஸ்டிக் பைக்குப் பதிலா பேரூராட்சி வீட்டுக்கு ஒண்ணு சும்மாவே குடுக்காங்களாம். அரிசியத் தட்டிட்டுப் பையத் திருப்பிப் பாக்கேன், அடியில நெல்லிக்காய் தண்டிக்கு நீல மைக்கறை. தாலுகா ஆபீசுல நான் ரிட்டயர் ஆன அன்னைக்குப் பேனா கசிஞ்ச கறை அது. குறி இல்லாத துணிய எல்லாம் வெந்நியில அவிச்சுப் பை தைக்காங்களாம். ஊர்ல இம்புட்டு வீடு இருக்க, என் வேட்டி என் வீட்டுக்கே வந்துட்டு. சனி வெந்நியில செத்துட்டானா, அரிசியில ஏறிட்டானா, ஒண்ணும் வெளங்கல. அந்த அரிசிச் சோத்த மூணு பேரும் தின்னாச்சு. குப்பையில போட்டா சுடலையாண்டி திருப்பிக் கொண்டாந்துருவாரு. இவகிட்டச் சொன்னா பையோட சேத்து என்னையும் தெருவுல வச்சிருவா, அதனால சொல்லல.

ஆகவே தாங்கள் இக்கடிதம் கண்டதும் குமரகுருபரன் வீட்டாரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லவும். பை என் வீட்டை விட்டுப் போனபிறகு வரட்டும். காரணம் கேட்டால் எதையாவது சொல்லிக்கொள்ளவும். இந்த இடமும் தட்டிப்போனால் பிருந்தா முகத்தில் எப்படி முழிப்பேன் அத்தான்.

அக்காள் அன்னத்தாய்க்கு என் வணக்கம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும். நெல்லையப்பர் நம் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஆவுடைநாயகம்

பி.கு. (11.2.1998): இதைத் தபாலில் சேர்க்குமுன், நாள் நன்றாக இருக்கிறதென்று குமரகுருபரன் வீட்டார் இன்று புதன்கிழமையே வந்துவிட்டார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். ராஜராஜேஸ்வரி சந்தோஷத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். எந்தப் பை என்று கேட்க வேண்டாம். மாப்பிள்ளையின் தாயார் அதைத் தடவிப் பார்த்து, "நல்ல துணி, ஒழைக்கும். பிருந்தா வந்ததும் அவ கையிலயே குடுத்துருதேன்" என்றார். எனவே மேலே எழுதிய எதையும் அவர்களிடம் மூச்சுவிட வேண்டாம். பையை மட்டும் எப்படியாவது வாங்கிக் கடலில் விட்டுவிடவும். தூத்துக்குடிக் கடலில் வலை விழாத இடம் எது என்று முதலில் விசாரித்துக்கொள்ளவும்.