வாய் திறக்காத வேன்

பதுளையில் மனிதர்களுக்குப் பேய் பிடிப்பது குறைந்துவிட்டது. இப்போது வாகனங்களுக்குத்தான் பிடிக்கிறது.

பண்டாரவளை வீதியில், ஸ்கேன் சாமியின் கொட்டகை முன்னால் காரும் வேனுமாக வரிசை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் திருநீறு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சாமி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கேபிளைச் செருகுவார், மறுமுனை மடிக்கணினியில். திரையில் 'தொடர்பு இல்லை' என்று வந்தால் வாகனத்தை ஏதோ பிடித்திருக்கிறது! தட்டில் காணிக்கை விழுந்ததும் கேபிளைச் சிவப்புப் பட்டால் மூடிப் பிடித்து மந்திரம் சொல்வார். உடனே திரை பேசும். கூட்டம் அரோகரா போடும்.

அந்த வரிசையில் கம்சலாவும் நின்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பிரவீனன், தெமோதரைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வேன்காரன். ஏற்றத்தில் வேன் இருமத் தொடங்கியதுதான் தாமதம், அவள் அம்மா பூவம்மா வேன் பதிவான தேதியைச் சாமியிடம் கொடுத்து அதற்குச் சாதகம் கணித்துவிட்டாள். மாப்பிள்ளைப் பொருத்தம் மட்டும் போதாதாம். பெண்ணுக்கும் வேனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டுமாம்!

சாமி கேபிளைச் செருகினார். தொடர்பு இல்லை.

"வாயே தொறக்க மாட்டேங்குதே! இதுக்கும் உங்க பொண்ணுக்கும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லம்மா. வேன இங்கயே விட்டுட்டுப் போங்க. இல்லாட்டி கல்யாணத்த நிறுத்துங்க."

அங்கே விட்டுப்போன வண்டிகள் வெலிமடை உதிரிப்பாகக் கடைகளில் துண்டு துண்டாக மோட்சம் அடைவதைச் சாமி சொல்லவில்லை.

"வேனும் இல்லாம ஒன்ன எப்படிக் காப்பாத்துவேன்?" என்றான் பிரவீனன், வாடிப்போய்.

கம்சலா போன் திருத்தும் கடை வைத்திருப்பவள். முன்னால் நின்ற காருக்கு மந்திரம் சொன்னபோது, பட்டுக்குள் சாமியின் கட்டைவிரல் கேபிளின் கழுத்தை நெளித்ததை அவள் பார்த்திருந்தாள். கழுத்தொடிந்த சார்ஜரை அவள் கடைக்குக் கொண்டுவருகிறவர்களும் அப்படித்தான் பிடித்துக் காட்டுவார்கள். அவர்கள் மந்திரம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"சாமி, ஒங்க ஜீப்ப எதுவும் பிடிக்காதுல்ல?"

"யாரப் பார்த்துக் கேக்குற? தெனம் அபிஷேகம் காணுற வண்டி தாயி!"

"அப்ப அதுல ஒருக்கா மாட்டுங்க. பட்டு வேணாம். கையும் வேணாம்."

"ஆமாங்க சாமி, மாட்டுங்க!" என்றது கூட்டம், பக்தியோடு.

மாட்டினார். தொடர்பு இல்லை.

"ஐயையோ, சாமி வண்டிக்கேவா!" என்று அலறினாள் பூவம்மா.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. கேபிள்லதான்."

கம்சலா கடைப் பையிலிருந்து மீட்டரை எடுத்துக் கேபிளின் இரு முனைகளிலும் வைத்தாள். சத்தமில்லை. கழுத்தை நெளித்தாள், பீப். விட்டாள், மௌனம். ரப்பரைக் கீறினால், உள்ளே அறுந்த கம்பி. கொட்டகையில் சாமி படத்தைச் சுற்றி மினுங்கிய பல்புச் சரத்தைக் கழற்றி, அந்தப் பிளக்கிலேயே பற்றவைக்கும் ஈயக்கோலைச் சூடாக்கிக் கம்பியை ஒட்டினாள்.

பிரவீனனின் வேன் மடமடவென்று பேசியது: காற்றை அளக்கும் சென்சரில் கோளாறு. கழற்றினால், தோட்டத்து ரோட்டுப் புழுதி! பிரவீனன் துடைத்து மாட்டி, வேனை ஏற்றத்தில் விட்டான். இருமலைக் காணோம்.

சாமி ஜீப்பில் ஏறப் பார்த்தார். சாவியைக் கூட்டத்தில் யாரோ ஏற்கெனவே பிடுங்கியிருந்தார்கள்.

"எனக்கும் ஒனக்கும் பொருத்தம் எப்படி?" என்று கண்ணடித்தான் பிரவீனன்.

"வேன் பாஸ். ஒன்ன இன்னும் டெஸ்ட் பண்ணல."

அதற்குள் கூட்டம் அவள் பக்கம் திரும்பிவிட்டது. "கேபிள் அம்மா! எங்க காரையும் பாருங்க தாயி!" முன்வரிசையில் கற்பூரத்தோடு பூவம்மா.

கம்சலா கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"கேபிள்ல கம்பி அறுந்தா நான் ஒட்டித் தர்றேன். மூளைக்குப் போற கம்பிய அவங்கவங்கதான் ஒட்டிக்கணும்!"