செல்வி செண்பகவல்லி அவர்களும் ஆறு மணி வேனும்

மேலகரம்,
12-7-1979

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, மேலகரம் பீடிக்கடை ஏஜெண்ட் தில்லைநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரமும் சுகம். குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. தாங்கள் குடும்பத்துடன் வந்து குளித்து ஆரோக்கியம் பெற வேண்டுகிறேன். நிற்க.

கடலுக்கு அந்தப்பக்கத்து வானொலியில் இருபது வருஷம் பாட்டுப் போட்ட அறிவிப்பாளர் அருளம்பலம் வருகிற சனிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார், அவரைப் பற்றிய இனிய நினைவுகளை எழுதி அனுப்பலாம் என்று சென்ற வாரம் போட்டிருந்தீர்கள். என்னிடமும் நினைவு இருக்கிறது. இனிப்பைத் தாங்களே போட்டுக்கொள்ளவும்.

என் கடைக்குப் பக்கத்து வீடு ஹாஜரா பீவி வீடு. அவள் புருஷன் துபாயிலிருந்து அனுப்பிய டிரான்சிஸ்டரை முற்றத்தில் வைத்து, சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து என் கடைக்குப் பீடி சுற்றுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அருளம்பலம் வருவார். அவர் தொண்டையைக் கனைக்கிற விதத்திலேயே சளி பிடித்திருக்கிறதா என்று நான் சொல்லிவிடுவேன். உட்கார்ந்து கேட்கிறேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது, சுவர் குட்டை. பாட்டு கேட்டுக் கார்டு போட்டவர்கள் பெயரை வாசிப்பதுதான் அவர் உத்தியோகம். வாசித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் திரு, திருமதி, செல்வி என்று ஒன்றை வைப்பார், பின்னால் 'அவர்கள்' என்று ஒன்றை வைப்பார், அரை மூச்சு நிறுத்துவார், அப்புறம்தான் அடுத்த பெயருக்குப் போவார். எந்தத் தெரு, என்ன ஜாதி, யார் வீட்டில் கூலி வேலை என்று ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா ஐயா? நானும் ஒன்பது கார்டு போட்டேன். ஒன்றையும் வாசிக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "தென்காசிக்கு அருகே மேலகரத்திலிருந்து செல்வி செண்பகவல்லி அவர்கள், திருமதி ஹாஜரா பீவி அவர்கள், திருமதி இராமலட்சுமி அவர்கள்" என்று வாசித்துத் தொலைத்தார். மூவரும் இந்த முற்றத்துப் பெண்கள்தான். பத்துப் பேர் கையும் நின்றுவிட்டது. அந்த அரை மணியில் எனக்கு எத்தனை கட்டுப் பீடி குறைந்தது என்று அருளம்பலத்துக்குத் தெரியுமா?

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வரும், முதலாளியும் கூட வருவார். அதற்குள் பீடியை வாங்கி, சுமாரானதைக் கழித்து, சாக்கில் கட்டியாக வேண்டும். தாமதமானால் ஏஜென்சியை அச்சன்புதூர்க்காரனுக்கு மாற்றிவிடுவேன் என்று முதலாளி சொல்லியே இருக்கிறார். (கழித்த பீடியை நான் விற்கிறேன் என்று இவளுகள் சொல்வது அபாண்டம். பாதியை நானே குடிக்கிறேன்.) ஐந்தரை மணிக்கு, வழக்கம்போல, "ஏட்டி செண்பகம், தட்டைக் கொண்டா" என்றேன். அவள் அசையவில்லை.

"யாரைக் கூப்பிடுதீய அண்ணாச்சி?"

"ஒன்னத்தாம்ட்டி. காது அடைச்சிட்டோ?"

"எம்பேரு செல்வி செண்பகவல்லி. கடலுக்கு அங்கன இருக்கவருக்குத் தெரியுது. சுவத்துக்கு இங்கன இருக்க ஒமக்குத் தெரியலையோ?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் கத்தினேன், கடையைப் பூட்டிவிடுவேன் என்றேன், வேன் வருகிறது தாயே என்றேன். "வரட்டும். நாங்க ஒண்ணும் பிடிச்சு நிறுத்தலையே" என்கிறாள் இராமலட்சுமி. ஹாஜரா பீவி டிரான்சிஸ்டருக்கு முந்தானையால் தூசி துடைத்தாள். ஐந்து ஐம்பதுக்கு இலஞ்சிப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் ஐயா. கூப்பிட்டேன். "செல்வி செண்பகவல்லி அவர்களே, தட்டைக் கொண்டாங்க." "திருமதி ஹாஜரா பீவி அவர்களே." பத்துப் பேரையும் அப்படித்தான். அரை மூச்சு நிறுத்தாமல் கூப்பிட்டேன் என்று ஒருத்தி திரும்பக் கூப்பிடச் சொன்னாள்!

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. பத்து நாள் போனதும் "சுமாருன்னா என்னன்னு காட்டுங்க, திருப்பிச் சுத்தித் தாரோம்" என்று கழிவிலும் கை வைத்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் இப்படி எத்தனை ஏஜெண்டுகளைக் கெடுத்தாரோ. இந்த மனுஷனுக்குச் சிறப்பு மலர் வேறு போடப் போகிறீர்களாம். என் கண்டனத்தை ஒரு எழுத்து விடாமல் பிரசுரிக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகை செழிக்கவும் தங்கள் இல்லத்தில் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கவும் குற்றாலநாதரை வேண்டிக்கொண்டு,

தங்கள் உண்மையுள்ள,
தில்லைநாயகம்

பின்குறிப்பு (ஞாயிறு காலை): தபாலில் போடுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று அருளம்பலத்தின் கடைசி நிகழ்ச்சி. வேன் சீக்கிரமே வந்து நிற்கிறது. முதலாளி சீட்டில் இருந்தபடியே, "ஏலே தில்லை, சாக்கைத் தூக்குலே" என்கிறார். பதினாறு வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறார், நானும் தூக்குகிறேன். அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் அந்தக் குரல். நேற்று அவருக்குச் சளி இல்லை. தொண்டை வேறு மாதிரி இருந்தது. "மேலகரத்திலிருந்து செல்வி செண்பகவல்லி அவர்கள், திருமதி ஹாஜரா பீவி அவர்கள், திருமதி இராமலட்சுமி அவர்கள், இவர்களோடு பீடிக்கடை அண்ணாச்சி திரு தில்லைநாயகம் அவர்கள்." அரை மூச்சு நிறுத்தினார். எனக்காக நிறுத்தினார் ஐயா. அந்தப் பெண்கள் கார்டில் என் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்.

"ஏலே, செவிடா?" என்றார் முதலாளி.

நான் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "யாரைக் கூப்பிடுதீய முதலாளி?" என்று ஒரு சத்தம் வந்தது. பார்த்தால் என் வாய்தான்.

ஆகையால் மேலே உள்ள கண்டனத்தைக் கிழித்துப் போட்டுவிடவும். பதில் எழுதுவதானால் கடை விலாசத்துக்கு வேண்டாம், கம்பெனியில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திருமதி ஹாஜரா பீவி அவர்கள் வீட்டு விலாசத்துக்கு எழுதவும். இப்போது அங்கேதான் உட்கார்ந்து பீடி சுற்றப் பழகுகிறேன். நான் சுற்றுவது சுமார் என்று செல்வி செண்பகவல்லி அவர்கள் கழித்துக்கொண்டே இருக்கிறார்.

கவரில் பெயருக்கு முன்னால் 'திரு' போட மறக்க வேண்டாம்.