பஸ் ஸ்டாண்டுக்கு வந்த புதுச்சேரி

உத்திரமேரூரில் பூட்டு வாங்கப் போய், புதுச்சேரியின் வரலாற்றோடு திரும்பாதவர் ஒருவர்கூட இருக்க முடியாது. காரணம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரும்புக் கடை வைத்திருந்த ‘பூங்கா பாய்’. அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

பாய் பெண்ணெடுத்தது புதுச்சேரியில். மாமியார் வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை கடற்கரைக்குப் பக்கத்துப் பூங்காவில் இருப்பார். ஊர் திரும்பும்போது ஜிப்பாப் பை நிறையச் செடிக் குச்சிகள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய குப்பை மேட்டைக் கொத்திச் சமன் செய்து, அந்தக் குச்சிகளை நட ஆரம்பித்தார். பக்கத்தில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திய எனக்கு ஜன்னல் வழியே தினம் ஒரு நாடகம்.

முதலில் நட்டதை ஆடு தின்றது. துக்கம் விசாரிக்கப் போனேன்.

“அட, இன்னா சார் நீ! புதுச்சேரி பார்க்குல மட்டும் எடுத்த எடுப்புலயே பூ பூத்துச்சா? மொதல்ல கோட்ட இருந்துச்சி. சண்டையில இடிச்சித் தரமட்டமாக்கினாங்க. அப்பால சிப்பாய்ங்க கவாத்து பண்ணிக்கினு இருந்தாங்க. அதுக்கப்புறந்தான் சார் செடி!”

அடுத்து நட்டதை, ரிவர்ஸ் எடுத்த பஸ் நசுக்கியது.

“பீரங்கியே பாத்த எடம் சார் அது. பஸ்ஸு எந்த மூலைக்கு?”

பஸ்ஸை மன்னித்த பாயால் நெல் மண்டி நைனாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஊரே நைனா என்றழைத்த அந்தப் பெரிய விவசாயி, இடம் சமமாகிவிட்டதைப் பார்த்ததும் அங்கே வைக்கோல் போர் போட்டுவிட்டார். மிச்சமிருந்த செடியெல்லாம் அதற்கடியில்.

“ஏரி கடலாட்டம் கீது. அங்க போயி காத்து வாங்கு பாய். பார்க்கு இன்னாத்துக்கு?” என்றார் நைனா.

“பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஏரிக்குப் போவானா நைனா? ஒரு தபா என்கூட புதுச்சேரி வந்து பாரு. அப்பவும் வோணாம்னா, நான் செடிய உட்டுட்றேன்.”

நைனா ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பிறகு இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னது இது. பூங்கா பெஞ்சில் நைனாவை உட்காரவைத்து, பாய் கதையைக் கோட்டையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். சிப்பாய்கள் வருவதற்குள் நைனா தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் பாய் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டே இருந்ததில், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸும் போய்விட்டது.

விழித்த நைனா சொன்னாராம்: “வூட்ல படுத்தா மண்டி நெனப்பு. களத்துல படுத்தா மழ நெனப்பு. இங்கதான் பாய் கண்ணு சொக்கிச்சி.”

வைக்கோல் போர் இடம் மாறியது. நைனாவின் மாட்டு வண்டியில் ஏரி வண்டல் வந்து இறங்கியது. அதன் பின்னாலேயே இரண்டு சிமென்ட் பெஞ்சுகள்.

மழைக்காலம் முடிந்து, பாய் மறுபடி நட்ட செம்பருத்தி பூத்தது. ஒரு சாயங்காலம், செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் முதன்முதலாகக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தார்கள். பாய் மட்டும் கடை வாசலிலேயே நின்றார்.

“நீங்களும் போய் உக்காருங்க பாய்.”

“எல்லாரும் குந்திக்கினு கீறாங்க சார்... கொஞ்ச நேரம் பாத்துக்கிறேனே.”

அவர் பூங்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.