மகள் தோற்க ஒரு நவநாள்

வில்லரே, மொன்றியல்
செவ்வாய்க்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய செலீன் அக்காவுக்கு,

தம்பி சவிரிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் இரத்த அழுத்தத்தைத் தவிர. ரொறன்ரோவில் அத்தானும் நீங்களும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன், அவர் இன்னும் என் பேச்சைக் கேட்பாரென்றால்.

என் மகள், உங்கள் மருமகள் றெபேக்கா கல்லூரியில் ஸ்குவாஷ் விளையாடியது தெரியும்தானே. படிப்பு முடிந்ததும் மட்டையை அலமாரிக்குள் வைப்பாள் என்றிருந்தேன். அவளோ தொழில்முறைப் போட்டிகளுக்குக் கிளம்பிவிட்டாள். சண்டை பிடித்துக் களைத்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நேற்று இங்கே தொடங்கிய போட்டியின் முதல் சுற்றில் தோற்றால், சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் நான் பிடித்து வைத்திருக்கும் வேலைக்கு அவள் போக வேண்டும். வென்றால் நான் வாய் திறக்கக் கூடாது. நான் சும்மா இருக்காமல், கோயில் செபக்குழுவிடம் என் கருத்துக்காக, அதாவது என் மனதிலுள்ள வேண்டுதலுக்காக, அந்தோனியாருக்கு நவநாள் செபிக்கக் கேட்டேன். கருத்து இன்னதென்று சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது வழக்கம்தானே? பிள்ளை தோற்க வேண்டும் என்பதுதான் கருத்து.

அக்கா, குழுவிலுள்ள பதினெட்டுப் பேரும், பாவம், ஒன்பது நாளும் முழங்காலில் நின்றார்கள். நேற்று ஆட்டம் பார்க்கவும் வந்துவிட்டார்கள். "பயப்பிடாதேங்கோ அண்ணை, உங்கட கருத்து நிறைவேறும்" என்று குழுத் தலைவி றொஷினி காதுக்குள் சொல்ல, எனக்கு வியர்த்துக் கொட்டியது. பிள்ளை தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரியிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் விட்டு, அடுத்த இரண்டையும் பிடித்து, முடிவான ஐந்தாவதில் பத்துக்குப் பத்து என்று நிற்கிறாள். பந்துக்குப் பாய்ந்து சுவரில் மோதி விழுந்தாள். முழங்காலில் இரத்தம். எழும்பி, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைத்தான் பார்த்தாள். அப்பா வந்திருக்கிறார் என்ற சந்தோசம் அந்த முகத்தில். பதினெட்டுப் பேரின் ஒன்பது நாள் செபமும் என் பிள்ளைக்கு எதிராக அல்லவா நிற்கிறது! "அந்தோனியாரே, கருத்தை மாத்திப்போட்டன்!" என்று எழுந்து கத்திவிட்டேன். நடுவர் என்னை இருக்கச் சொன்னார். செபக்குழு முழுவதும் திரும்பியது.

"அப்ப முந்தி என்ன கருத்து, அண்ணை?" என்றாள் றொஷினி.

அடுத்த இரண்டு புள்ளியும் றெபேக்காவுக்கு. வென்றுவிட்டாள்.

ஆனாலும் ஒரு சுற்று வென்று என்ன? அந்த வேலை வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும். உடனே பஸ் ஏறி வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கள். வாய் திறக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டது நான்தான், நீங்கள் இல்லையே.

அத்தானுக்கு என் வணக்கம். மாதா உங்கள் வீட்டைக் குறைவில்லாமல் நிறைக்கட்டும்.

உங்கள் தம்பி,
சவிரிமுத்து

பி.கு.: தபாலில் பிந்திவிடும் என்பதால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். சற்றுமுன் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வர, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சுற்று வியாழக்கிழமை. புத்தி சொல்ல வர வேண்டாம், கைதட்ட வாருங்கள். வரும் முன் அங்கே கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். என் கருத்துக்காக என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். றெபேக்கா வெல்ல வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.