பாதி சாலைக்கு, பாதி பாதைக்கு

ஆஷ்விக் ஊராட்சி மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

அதாவது அக்காவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கோழிகள் இந்தக் குளிரிலும் முட்டையிடுவது ஆச்சரியம்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் விளக்கைப் பற்றி வாயைத் திறந்ததும், "தம்பின்னு உரிமை எடுத்துக்கிட்டுப் பேசாதடா ரூபர்ட், ஊர்க்காரன் மாதிரி மனு எழுதிக் கொடு" என்றாய். எழுதுகிறேன். நடுநடுவே தம்பி எட்டிப் பார்த்தால் மன்றம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வேலிக் கதவை ஒட்டி, சர்ச் பாதை தொடங்கும் முனையில் நிற்கும் விளக்கு நவம்பர் தொடக்கத்தில் அணைந்தது. சட்டென்று அணையவில்லை. சில மாலைகள் இளஞ்சிவப்பாகத் துடித்தது. மறந்துபோன பெயரை நினைவுபடுத்திக்கொள்ள முயல்பவரின் முகம்போல. பிறகு முயற்சியை விட்டுவிட்டது.

மாவட்ட மன்றத்துக்குத் தொலைபேசினேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "அது நடைபாதை விளக்கு சார். நடைபாதைன்னா உங்க ஊராட்சிதான் பார்க்கணும்." உன்னிடம் கேட்டேன். நீ உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துக்கொண்டே, "அது ரோட்டோரமா நிக்குது. ரோட்டு விளக்குன்னா மாவட்டம்" என்றாய். பிழைப்புக்காகப் பிறர் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லட்டவணை தயாரிப்பவன் நான். இப்போது கையில் இருப்பது பாசிகளைப் பற்றிய ஒரு நூல். அதில் நேற்று ஒரு பிழை செய்தேன். 'ஒளி: காண்க, இருள்' என்று எழுதினேன். ஒரு பக்கம் தள்ளி, 'இருள்: காண்க, ஒளி'. திருத்த மனம் வரவில்லை. ஊர் நிலவரத்தை அவ்வளவு சரியாக நான் எழுதியதே இல்லை.

பிறகு நீ அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு உறுப்பினர் திரு. டன்ஸ்டன் பெக் வந்தார். கையில் சுண்ணக்கட்டி. விளக்கின் வெளிச்சம் எங்கே அதிகம் விழுகிறதோ, அந்த இடத்துக்காரர்தான் அதற்குப் பொறுப்பு என்று மன்றம் தீர்மானித்திருக்கிறதாம். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எரியலையே" என்றார்.

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டது, மிஸ்டர் பெக்."

"எரிஞ்சாத்தானப்பா எங்க விழுதுன்னு பார்க்க முடியும்?"

"எங்க விழுதுன்னு தெரிஞ்சாத்தானே யாராவது எரிய வைப்பாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மகிழ்ச்சியாக. இருவரும் ஒரே கருத்தில் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் பெக் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், என் ஏணியை எடுத்தார், என் டார்ச்சை வாங்கிக்கொண்டார், எழுபது வயதில் கம்பத்தில் சாய்ந்து ஏறி, விளக்கின் தலைக்குப் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு "நான்தான் இப்ப விளக்கு, கீழ பாருப்பா" என்று கத்தினார், ஆற்றுப்பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது, அதிலிருந்து மிஸ் க்வெண்டா பிரைஸ் இறங்கி நடந்து வந்தார், நேராக அந்த வெளிச்சத்துக்குள் நுழைந்தார்.

"அசையாதீங்க!" என்று மேலிருந்து விளக்கு கத்தியது.

அவர் அசையவில்லை. ஒரு கால் சாலையில், ஒரு கால் பாதையில். தொப்பியின் கம்பளி நுனிகளில் நீர்த்துளிகள்.

"யாரு அது மேல, கடவுளா?" என்றார்.

"ஊராட்சி மன்றம்மா!"

"அப்ப சீக்கிரம் எதுவும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்றார். நான் மண்டியிட்டு அவர் காலணிகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். வெளிச்சம் பாதி சாலைக்கு, பாதி பாதைக்கு. மன்றத்தின் முடிவும் அதே: பாதிப் பொறுப்பு உங்களுடையது, பாதி மாவட்டத்துடையது. மறுபாதிக்காக இரு தரப்பும் காத்திருக்கின்றன. அன்று பெய்த மழையில் கோடு கரைந்துவிட்டது. மன்றத்தின் ஆவணம் என்பதால் குறிப்பிடுகிறேன். எனக்கு அதில் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை.

இனி என் குறை. விளக்கு இல்லாததால், பஸ்ஸிலிருந்து இறங்கும் மிஸ் பிரைஸை ஓடைக்கு அப்பாலுள்ள அவர் வீடுவரை டார்ச்சோடு கூட்டிப்போவது என் தலையில் விழுந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, ஊராட்சியின் இடத்தில் யாராவது நிற்க வேண்டுமே. தேநீர் ஊற்றிய நேரத்தில் பூட்ஸை மாட்ட வேண்டும். திரும்பி வந்தால் தேநீர் ஆறியிருக்கும். பஸ் தாமதமானால் கதவருகில் பூட்ஸோடு நிற்க வேண்டும். அவர் வராத நாளில் இன்னும் மோசம்.

அவருக்கு டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "நாள் முழுக்க, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் ஒருநாள். "இங்க இறங்கினா எதுவுமே தெளிவா இல்ல. நல்லா இருக்கு." டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டேன். "கீழ காட்டுங்க மிஸ்டர் லார்க்கம். நான் எங்கயும் போயிட மாட்டேன்."

பனிமூட்டத்தில் டார்ச் வெளிச்சம் ஒரு சிறிய அறைபோல எங்களுடன் நகர்கிறது. சுவர்கள் பால்நிறம். உள்ளே இரண்டு ஜோடிக் காலணிகள். சர்ச் இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை. ஓடை மட்டும் கேட்கிறது. அதன் சிறுபாலத்தில் பலகைகள் வழுக்குவதால் அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இதெல்லாம் பொதுமக்களின் பாதுகாப்பு தொடர்பானது.

ஆகவே மன்றம் தயவுசெய்து, முதலாவதாக, பாதை முனை விளக்கை உடனே பழுதுபார்க்க வேண்டும். இரண்டாவதாக, விளக்கே இல்லாத அந்தச் சிறுபாலத்தில் புதிதாக ஒன்று நிறுத்த வேண்டும். வரி கட்டும் ஒருவன் தினமும் இப்படி அலைவது மன்றத்துக்கு அழகல்ல.

ஏணி ஏறியதில் பிடித்துக்கொண்ட திரு. பெக்கின் இடுப்புக்கு என் விசாரிப்பு. கோழிகளுக்கு அன்பு. உனக்கும் முழங்காலுக்கும் நல்ல உறக்கம் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
குடிமகனும் தம்பியுமான
ரூபர்ட் லார்க்கம்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்கிறேன். இன்று இரு மன்றங்களின் ஆட்களும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒருவர் பல்பை மாட்டினார், மற்றவர் கம்பியைச் சரிசெய்தார். "எங்களுக்குப் பாதி வேலைதான் சார்" என்று இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். நாலு மணிக்கு இருட்டியது. விளக்கு எரிந்தது. நான் கதவருகில் பூட்ஸோடு நின்றேன். கழற்றலாமா என்று தெரியவில்லை.

பஸ் வந்தது. க்வெண்டா வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள்.

"எரியுதே" என்றாள்.

"ஆமா. நல்லதுதான்."

"நல்லதுதான்."

இவ்வளவு வெளிச்சத்தில் எங்கே பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவள் பாதையின் உள்பக்கம் கையைக் காட்டினாள். "பாலம் இன்னும் இருட்டாத்தான் இருக்கு. அது யார் பொறுப்பு, ரூபர்ட்?"

ஆகவே அக்கா, மேலே இரண்டாவதாகக் கேட்டதை அடித்துவிடு. பாலத்துக்கு விளக்கு வேண்டுமென்று யார் வந்து கேட்டாலும், அது மாவட்டத்தின் பொறுப்பு என்று சொல். மாவட்டத்துக்கு நான் எழுதிவிட்டேன், அது ஊராட்சியின் பொறுப்பு என்று.